மூன்றாவது பெயர்

உதகையைச் சுற்றியுள்ள சோலைக்காடுகளில், ஓடைக்கரை ஈரத்தில், தரையோடு தரையாக ஒரு சின்னப் பறவை திரிகிறது. அலகிலிருந்து வால்வரை சுமார் 15 சென்டிமீட்டர். முதுகும் நெஞ்சும் கருநீலம். விலாவில் செங்கல் நிறம். வயிற்றின் நடுவே வெள்ளை. கொடைக்கானல் சோலைகளிலும் ஏறக்குறைய அதே அளவில், அதே நீண்ட கால்களோடு, அதேபோல் விடியலிலும் அந்தியிலும் புதரைவிட்டுத் தலைகாட்டும் ஒரு பறவை உண்டு. அதுவும் நீலம்தான். ஆனால் விலாவில் செங்கல் நிறம் இல்லை. வயிறு பளிச்சென்று வெள்ளை. கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு தீற்றல். இரண்டுக்கும் இன்று சோலைக்கிளி என்று பெயர். கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான், பெயர் அந்த வழியில் வந்தது. இவை ஒரே இனமா, வேறு வேறா?

ஓரளவு உறுதியான பதில் கிடைக்க நூற்றெழுபது ஆண்டுகள் பிடித்தன. இந்த இடைவெளியில் இவை முதலில் தனித்தனி இனங்களாக இருந்தன, பிறகு ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாகச் சேர்க்கப்பட்டன, மறுபடி பிரிக்கப்பட்டன, கடைசியில் இரண்டு போதாது, மூன்று என்றானது. குருவிகளோ இதெல்லாம் தெரியாமல் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன.

நீலகிரிப் பறவையை 1844இல் விவரித்துப் பெயரிட்டவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் மருத்துவர். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் பறவையை 1868இல் தனி இனமாக அறிவித்தவர் வில்லியம் பிளான்ஃபோர்ட், தொழிலால் நிலவியலாளர். அந்த நாட்களில் பழனி மலையில் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பறவைகளைச் சேகரித்துவந்தார். அடுத்த ஆண்டே அங்குள்ள சிரிப்பான் பறவை ஒன்றுக்குப் பிளான்ஃபோர்ட் அந்தப் பாதிரியாரின் பெயரைச் சூட்டினார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் இரண்டு மலைகளின் பறவைகளையும் பார்த்த மாத்திரத்தில் வேறு வேறு என்று எழுதிவைத்துவிட்டார்கள். இதில் அவர்களை மெச்சுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்போது கொஞ்சம் வேறுபட்டிருந்த எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதினார்கள்.

லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு வகுத்துக் கொடுத்த வழியில் பெயருக்கு இரண்டு சொற்கள்: பேரினம் ஒன்று, இனம் ஒன்று. சேகரிப்பு பெருகப் பெருக அது இடித்தது. ஒரே குருவி வறண்ட சீமையில் வெளிறியும் மழைக்காட்டில் கறுத்தும் கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இனப் பெயர் கொடுத்துக்கொண்டே போவதா? லைடன் அருங்காட்சியகத்தின் ஹெர்மன் ஷ்லேகல் மூன்றாவதாக ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தார். ஜெர்டன் நீலகிரிப் பறவைக்குப் பெயர் வைத்த அதே 1844இல்தான் அதுவும் நடந்தது. பிரிட்டனில் பலர் முகம் சுளித்தார்கள். பிறகு இங்கிலாந்தின் டிரிங் ஊரில், ரோத்ஸ்சைல்டின் அருங்காட்சியகத்தில் இருந்த எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட் மூன்று சொல் பெயரைப் பிடிவாதமாகப் புழங்கிப் புழங்கி நிலைநிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் காற்று முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முன்பு இனமாக இருந்தவை கொத்துக் கொத்தாகத் துணையினங்களாயின. சோலைக்கிளிகளும் அந்த வேகத்தில் ஒன்றுசேர்ந்தன. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளேயும் எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டில் நீலகிரிப் பறவை பிராக்கிப்டெரிக்ஸ் மேஜர் மேஜர். கொடைக்கானல் பறவை பிராக்கிப்டெரிக்ஸ் மேஜர் அல்பிவென்ட்ரிஸ்.

அப்படிச் சேர்த்தது சோம்பேறித்தனம் என்று இப்போது சொல்வது சுலபம். நான் சொல்லமாட்டேன். இரண்டு பறவைக் கூட்டங்கள் ஒரே காட்டில் வாழ்ந்து, கலந்து குஞ்சு பொரிக்காமல் இருந்தால் அவை வேறு இனங்கள் என்று தெரிந்துபோகும். ஒன்று நீலகிரியிலும் மற்றது பழனியிலும் இருந்தால்? சந்தித்தால்தானே சேருமா சேராதா என்று பார்ப்பதற்கு! சோதிக்க முடியாத இடத்தில், நிறம் வேறு, மற்றதெல்லாம் ஒன்று என்றால், தற்காலிகமாக ஒரே இனத்தின் கீழ் வைத்து மூன்றாவது பெயரால் வேறுபாட்டைக் குறித்துவைப்பது நியாயமான ஏற்பாடுதான். தற்காலிகம் என்பதை எல்லோரும் மறந்துபோனதுதான் வினை. உலகில் இன்று ஏறத்தாழ 11,000 பறவை இனங்களும், அவற்றுக்குள் ஏறத்தாழ 20,000 துணையினங்களும் பட்டியலில் இருக்கின்றன. அந்த மூன்றாவது பெயர்களில் பல, விடை தெரியாத கேள்விக்கு வைத்த பெயர்கள்.

எவ்வளவு வேறுபட்டால் துணையினம்? இதற்கு டீன் அமடான் 1949இல் எழுதிய எழுபத்தைந்து விழுக்காட்டு விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு வட்டாரப் பறவைகளில் நான்கில் மூன்று பங்கையாவது அடுத்த வட்டாரப் பறவைகள் அநேகமாக எல்லாவற்றிலிருந்தும் தனியே பிரித்துச் சொல்ல முடிய வேண்டும் என்பது சாரம். கேட்கக் கறாராக இருக்கும். ஆனால் பழைய விவரிப்புகளில் கணிசமானவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவை அல்ல. நாலைந்து பறவைகளை ஜன்னலோரம் வைத்து, இது சற்று வெளிறியது, இது சற்றுப் பெரியது என்று எழுதியவை. இந்தியாவெங்கும் சேகரித்த வால்டர் கோல்ஸ் என்ற அமெரிக்கர் விவரித்த துணையினங்கள் ஏராளம். அவற்றில் நிறையப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1953இலேயே எட்வர்ட் வில்சனும் வில்லியம் பிரவுனும் இந்தத் துணையினப் பெயர்களே வேண்டாம் என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.

*

சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் முதலில் போக வேண்டிய இடம் அருங்காட்சியகத்தின் இழுப்பறைதான். ஆய்வுக்காகப் பாடம் செய்த பறவை, கண்காட்சியில் கிளையில் உட்கார்த்தி வைத்த பறவையைப் போல இருக்காது. மல்லாந்து கிடக்கும். உள்ளே பஞ்சு, கண் இருந்த இடத்திலும் பஞ்சு வெளியே தெரியும். இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும். இரண்டு கால்களும் குறுக்காக வைத்து நூலால் கட்டப்பட்டிருக்கும். அந்த நூலில் ஒரு சீட்டு தொங்கும். பிடித்த நாள், இடம், உயரம், அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஆண் பெண் விவரம், பிடித்தவர் பெயர். மங்கிய மையில் இத்தனையும் இரண்டு விரல் அகலத்துக்குள்.

புதிதாக வருகிறவர்களின் கண் நேரே இறகுக்குப் போகும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. இறந்த பறவையின் தோல் காயும்போது சுருங்கும். உயிரோடு அளந்த இறக்கைக்கும் பாடம் செய்தபின் அளந்த இறக்கைக்கும் மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் வரும். பழுப்பும் ஆலிவ் பச்சையும் பத்திருபது ஆண்டுகளில் செம்மை தட்டிவிடும். இதைவிடப் பெரிய வம்பு இறகு தேய்வது. பறவை ஆண்டுக்கொரு முறையாவது இறகை உதிர்த்துப் புதிது முளைக்கவைக்கிறது. புது இறகின் ஓரங்களில் இருக்கும் வெளிர் விளிம்பு மாதங்கள் போகப் போகத் தேய்ந்து, நிறமே ஒரு படி மாறிவிடும். ஒரு மலையில் ஜனவரியில் பிடித்ததையும் இன்னொரு மலையில் ஜூலையில் பிடித்ததையும் பக்கத்தில் வைத்து, இதோ புதுத் துணையினம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கண்டுபிடித்தது இரண்டு பருவங்களை.

எனவே நம்பத்தக்க ஒப்பீட்டுக்கு ஒரே மாதத்தில், ஒரே வயதில், ஒரே பாலில் பிடித்தவை வேண்டும். அவற்றைப் பாடம் செய்து ஏறக்குறைய ஒரே காலம் ஆகியிருக்கவும் வேண்டும். இதையெல்லாம் சொல்வது சீட்டு. சீட்டு இல்லாத பறவை பத்திரம் இல்லாத நிலம். கண்ணெதிரே கிடக்கும், உரிமை கொண்டாட முடியாது.

பத்திரமே போலியாக இருந்தால்? ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹேகன் (1878–1967) பிரிட்டிஷ் படை அதிகாரி, உளவு வேலை பார்த்தவர், பறவையியலில் பெரும்புள்ளி. சுமார் 20,000 பாடம் செய்த பறவைகளை 1954இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததில் கணிசமானவை அதே அருங்காட்சியகத்திலிருந்து அவர் திருடியவை. திருடி, பழைய சீட்டைக் கழற்றி, தான் வேறொரு இடத்தில் வேறொரு நாளில் பிடித்ததாகப் புதுச் சீட்டுக் கட்டியிருந்தார். ஆலன் நாக்ஸ் 1993இல் இதைக் கையும் களவுமாகக் காட்டியது ரெட்போல் என்ற, நெற்றியில் சிவப்புப் பொட்டுள்ள, விரலளவுக் குளிர்நாட்டுக் குருவிகளை வைத்து. ரெட்போல்களைத் துணையினம் துணையினமாகப் பிரிப்பது பறவையியலின் தலைவலிகளில் ஒன்று. எது எங்கே குளிர்காலத்தைக் கழித்தது என்ற தகவலும் அதற்கு ஓர் ஆதாரம். ஆதாரத்தில் நஞ்சு கலந்திருந்தது.

பிடிபட்டது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். பாடம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. தையல் எங்கே தொடங்குகிறது, பஞ்சை எப்படி உருட்டி அடைத்திருக்கிறார்கள், எந்த எலும்பை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும். மைனெர்ட்ஸ்ஹேகன் சீட்டை மாற்றினார். கைவாகை மாற்ற முடியவில்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் தெற்காசியப் பறவைகளுக்கான கையேட்டைத் தயாரித்துக்கொண்டிருந்த பமீலா ராஸ்முசன் இதே முறையில் அவருடைய இந்தியப் பறவைகளைக் குடைந்தார். குஜராத்தில் 1914இல் பிடித்ததாக அவர் சொன்ன காட்டுச் சிற்றாந்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டேவிட்சன் பிடித்துப் பாடம் செய்தது என்று தெரியவந்தது. குஜராத் தடம் பொய் என்றானதும் உண்மையான சீட்டுகள் சொன்ன ஊர்ப்பக்கம் தேடினார்கள். 1884க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லாத அந்த ஆந்தை 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது.

ஆந்தை பாடும் குருவி இனம் அல்ல. இந்த அத்தியாயத்துக்குள் அது வந்தது ராஸ்முசனுக்காக. அவரும் ஜான் ஆண்டர்டனும் 2005இல் வெளியிட்ட அந்தக் கையேட்டில்தான் நம் நீலகிரிப் பறவையும் கொடைக்கானல் பறவையும் மீண்டும் தனித்தனி இனங்களாயின. முழுக்கப் புதுத் தரவு என்று அப்போது அதிகமில்லை. இழுப்பறையில் கிடந்ததையே சீட்டோடு சேர்த்து, இந்த முறை சந்தேகக் கண்ணோடு பார்த்ததன் விளைவு அது.

*

இழுப்பறையில் பாட்டு இருக்காது. அதற்கு மலையேற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் ஆய்வு செய்யும் வி.வி. ராபினும் குழுவினரும் வலை கட்டிக் காத்திருந்து பிடித்த பறவைகள்தான் இந்தக் கதையை முன்னே நகர்த்தின.

வலை மெல்லிய கறுப்பு நைலான் இழை. இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டினால் சோலையின் நிழலில் கண்ணுக்கே தெரியாது. பறந்து வந்து மோதும் குருவி வலையின் மடிப்புக்குள் விழுந்து தொட்டில்போல் தொங்கும். குளிரிலோ மழையிலோ அதை விட்டுவைத்தால் செத்துவிடும் என்பதால் அடிக்கடி போய்ப் பார்த்து, கால், இறக்கை, தலை என்று ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துத் துணிப்பையில் போடுகிறார்கள். அவசரப்பட்டால் இறகு போகும். இறக்கையை மடித்தபடி, முனையில் தடுப்புள்ள அடிக்கோலில் தட்டையாக அழுத்தி அளக்கிறார்கள். கால், அலகு, வால் காலிப்பரில். ஒரே பறவையை இரண்டு பேர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய வரும். துணையினங்களுக்கிடையே உள்ள வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான் என்பதால், ஓர் ஆய்வில் அளப்பவர் ஒருவராகவே இருந்தால் நல்லது. இறக்கையின் அடியில் ஓடும் ரத்தக்குழாயை ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம். காலில் எண் பொறித்த வளையம். பிறகு உள்ளங்கையைத் திறந்தால் பறவை போய்விடும். இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி வேண்டும். அது கையில் வந்துசேர்வதற்குள் பறவை இரண்டு முறை இறகு மாற்றிவிடும் என்று ஆய்வாளர்கள் நொந்துகொள்வது வழக்கம்.

பாட்டை ஒலிப்பதிவு செய்து கணினியில் படமாக்கினால் நேரம் இடமிருந்து வலமாகவும் சுருதி கீழிருந்து மேலாகவும் விரியும். ஒவ்வொரு சீழ்க்கையும் ஒரு கீற்று. எத்தனை கீற்று, எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது என்று எண்ணி அளக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. பாடும் பறவைகள் பாட்டைப் பிறவியிலேயே முழுதாகக் கொண்டுவருவதில்லை; மூத்த பறவைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே பாட்டு வேறுபட்டால் உடனே இனம் வேறு என்று சொல்ல முடியாது, அது வட்டார வழக்காகவும் இருக்கலாம். சேதனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சைத்தான் தொட்டது. பழங்காலக் கணவாயால் பிரிந்த சோலைக்கிளிக் கூட்டங்களும், காட்டை வெட்டியதால் அண்மையில் பிரிந்த கூட்டங்களும் ஒரே வகையில் வேறுபடவில்லை. பாட்டின் வெவ்வேறு கூறுகள் மாறியிருந்தன. மனிதன் காட்டை வெட்டிய கொஞ்ச காலத்துக்குள்ளேயே பாட்டில் அதன் தழும்பு தெரிகிறது என்பது எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகம் உறுத்தும் செய்தி.

*

கணவாய் என்றேனே. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்துகிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் கோயம்புத்தூருக்குள் புகும் குளிர்காற்று வருகிற வாசல். தெற்கே, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் ரயில் போகிற வழியில் இன்னொரு கணவாய்; அகலம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்கும் தெற்கே அகத்தியமலையைச் சேர்ந்த ஆஷாம்பு மலைகள். நெடுந்தூரம் பறக்கும் பறவைக்கு இந்த அகலம் ஒரு பொருட்டே இல்லை. சோலைக்கிளியின் கணக்கு வேறு. சுமார் 1,400 மீட்டருக்கு மேலே குளிரும் ஈரமும் உள்ள சோலையின் அடித்தளத்தில் வாழ்வது அது. கீழே இறங்கிச் சமவெளியின் வெயிலைக் கடந்து எதிர்மலை ஏறுவது அதனால் ஆகாத காரியம். ஒவ்வொரு மலையுச்சியும் அதற்கு ஒரு தீவு.

சோலைக்கிளி மட்டும்தானா, மற்ற மலைப்பறவைகளும் இப்படித்தானா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒன்பது இடங்களில், 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுத் தரவு. 2015இல் வெளியான முடிவுப்படி 10 இனங்களில் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி விழுந்திருந்தது. அந்தப் பத்துக்குள் சிலவற்றில் சிறிய கணவாய்களும் பிறகு தங்கள் பங்குக்குக் கோடு கிழித்திருந்தன. பிளவு விழுந்த காலம் இனத்துக்கு இனம் வேறு. பெரும்பாலும் பனியுகங்கள் மாறிமாறி வந்த பிளைஸ்டோசீன் காலம். குளிரும் வெப்பமும் மாறும்போதெல்லாம் மலைக்காடு விரிந்தும் சுருங்கியும், கூட்டங்களைச் சேர்த்தும் பிரித்தும் விளையாடியிருக்கிறது.

மீதி 13 இனங்களுக்குக் கணவாய் ஒரு தடையாகத் தெரியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரைபடத்தைப் பார்த்து, நடுவே பள்ளம் இருக்கிறது, ஆகவே இருபுறமும் வெவ்வேறு துணையினம் என்று ஊகிக்க யாருக்கும் தோன்றும். பாதிக்கு மேற்பட்ட பறவைகள் அந்த ஊகத்தைப் பொய்யாக்கிவிட்டன.

சோலைக்கிளிக்கு அது பொய்யாகவில்லை. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட கட்டுரை மரபணு, உடலளவு, இறகு நிறம், பாட்டு நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. முதல் அதிர்ச்சி: இவை இமயமலைப் பக்கமுள்ள பிராக்கிப்டெரிக்ஸ் பேரினத்துக்கு நெருங்கிய சொந்தமே இல்லை. தரையில் திரியும் வாழ்க்கை இரண்டுக்கும் ஒரே சாயலைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான உறவு நீல ஈப்பிடிப்பான்களோடு. ஆகவே ஷோலிக்கோலா என்று புதுப் பேரினமே அமைக்க வேண்டியிருந்தது. அடுத்தது, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஆஷாம்பு மலையில் இருப்பது கொடைக்கானல் பறவை அல்ல. பார்வைக்கு அநேகமாக அதேதான். அதனால்தான் இவ்வளவு காலமும் மூன்றாவது பெயர்கூட இல்லாமல் அல்பிவென்ட்ரிஸ் கணக்கிலேயே கிடந்தது. அதற்கு ஷோலிக்கோலா ஆஷாம்புவென்சிஸ் என்று பெயர் வந்தது.

இதே கட்டுரையில் சிரிப்பான்களுக்கும் மான்டிசிங்க்லா என்ற புதுப் பேரினம். அதற்குள் நான்கு இனங்கள். அவற்றில் ஒன்று வயநாட்டின் பாணாசுரமலை, பிரம்மகிரி போன்ற சில உச்சிகளில் மட்டும் வாழும் சிரிப்பான். அது இன்னொன்றின் துணையினமாக இருந்தவரை உலகச் சிவப்புப் பட்டியலில் தனியாக அதைப் பற்றிப் பேச இடமே இல்லை. அந்தப் பட்டியல் பறவைகளை இனவாரியாகவே மதிப்பிடுகிறது. தனி இனம் என்றதும் அது அழியும் அபாயத்தில் உள்ளது என்று பதிவானது. மலைகளில் காடு முன்பிருந்த அளவுதான். ஏட்டில் ஒரு வரி மாறியதும் அதன் ஆபத்து கண்ணில் பட்டது.

*

எல்லாத் துணையினமும் இப்படி உள்ளே ஓர் இனத்தை ஒளித்துவைத்திருக்கும் என்று கிளம்பிவிடக் கூடாது. குளிர்காலத்தில் நம் ஊர் மரங்களில் விடாமல் கத்திக்கொண்டு இலைக்கு இலை தாவும் பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் திபெத்தைச் சுற்றி வளையமாக இனப்பெருக்கம் செய்கிறது. வளையத்தின் மேற்குப் பக்கம் வழியாகப் போனாலும் கிழக்குப் பக்கம் வழியாகப் போனாலும் நிறமும் பாட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். இங்கே இந்தத் துணையினம் முடிந்தது என்று விரல் வைக்க முடியாது. ஆனால் இரு முனைகளும் நடு சைபீரியாவில் சந்திக்கும்போது, இறக்கையில் ஒற்றைக் கோடுள்ளதும் இரட்டைக் கோடுள்ளதும் அன்னியர்களாக நடந்துகொள்கின்றன. டேரன் இர்வின் குழு 2001இல் இதை விவரித்தது. பின்னால் வந்த முழு மரபணு ஆய்வு, வளையத்திலும் பழைய முறிவுகளும் கலப்புகளும் உண்டு என்று காட்டிக் கதையைக் கொஞ்சம் கலைத்தது.

ராபர்ட் ஜிங்க் 2004இல் இன்னும் கடுமையாக ஒரு கணக்குப் போட்டார். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்தால் பறவைத் துணையினங்களில் சுமார் மூன்று விழுக்காடுதான் உண்மையிலேயே தனித்து நிற்கின்றன என்றார். இரண்டே ஆண்டில் ஃபிலிமோரும் ஓவன்ஸும் வேறு பகுதிகளையும் சேர்த்து எண்ணி, 36 விழுக்காடு என்றார்கள். ஜிங்க் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் பனியுகத்துக்குப் பின் பறவைகள் புதிதாகக் குடியேறிய கண்டப் பகுதிகள். தீவுகளில் கணக்கு வேறாக இருக்கும். மலையுச்சித் தீவுகளும் இதில் சேர்த்தி என்பது என் எண்ணம்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே மெரிட் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றுச் சதுப்பிலும் மட்டும் கரிய கடலோரச் சிட்டு என்ற துணையினம் வாழ்ந்தது. கென்னடி விண்வெளி மையம் இருக்கும் அதே தீவு. கொசுவை ஒழிக்க டி.டி.டி. தெளித்தார்கள், சதுப்பில் நீரைத் தேக்கினார்கள். ஆற்றுப் பக்கம் நீரை வடித்தார்கள், சாலை போட்டார்கள். 1975க்குப் பிறகு பெண் பறவையே கண்ணில் படவில்லை. கடைசியில் பிடிபட்டவை எல்லாம் ஆண்கள். அவற்றை மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துத் துணையினப் பெண்களோடு சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை கரிய சிட்டின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று ஒரு திட்டம் வந்தது. கலப்புக் குஞ்சு சட்டப்படி கரிய சிட்டாகாது என்று அரசு கைவிரித்தது. ஆனாலும் ஜோடி சேர்ப்பு நடந்தது. காலில் ஆரஞ்சு வளையம் அணிந்த கடைசிக் கிழவன் 1987 ஜூனில் டிஸ்னி நிறுவனத்தின் பூங்காவில் இறந்தான்.

இரண்டு ஆண்டு கழித்து ஜான் அவைஸும் வில்லியம் நெல்சனும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். கரிய சிட்டு அட்லாண்டிக் கரையோரச் சிட்டுகளிடமிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்தது. வளைகுடாப் பக்கத்துச் சிட்டுகள்தான் தூரத்துச் சொந்தம். ஜோடி சேர்த்தது தப்பான கரையில். நிறத்தையும் மூன்றாவது பெயரையும் மட்டும் நம்பியதன் விளைவு. இதை வைத்து, அப்படியானால் கரிய சிட்டு போனதில் இழப்பே இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு மரபணுத் துண்டில் வேறுபாடு இல்லை என்பதால், உப்புச் சதுப்பில் கரிய இறகோடு வாழக் கற்ற ஒரு கூட்டம் இல்லாமல் போனது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

நம் மலைகளில் இன்னும் திறந்து பார்க்கப்படாத மூன்றாவது பெயர்கள் இருக்கின்றன. செந்நிறச் சிலம்பன் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு துணையினம், தெற்கே இன்னொன்று. கருந்தலைச் சிலம்பனிலும் தெற்கு மலைகளில் தலை கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும் போர்டில்லோனி என்ற துணையினம் உண்டு. இவற்றுக்கு முதலில் தேவை வலையும் ஊசியும்கூட அல்ல. இரண்டு பக்கத்திலிருந்தும் நல்ல ஒலிப்பதிவுகள். எந்த மலை, எந்தச் சோலை, எவ்வளவு உயரம், எந்த நாள், பாடியதைக் கண்ணால் பார்த்தீர்களா, காதால் மட்டும் கேட்டீர்களா என்ற விவரத்தோடு. கைப்பேசியே போதும். பதிவை ஈபேர்ட், ஜெனோ-கான்டோ போன்ற பறவைப் பதிவு இணையதளங்களில் ஏற்றும்போது துணையினப் பெயரை இடத்தை வைத்து ஊகித்து எழுதாமல், இனப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடக்கே இருந்தால் இதுதான் என்று எழுதிவிட்டால், வடக்கே இருப்பது உண்மையில் இதுதானா என்று பின்னால் அந்தப் பதிவை வைத்து யாராலும் சரிபார்க்க முடியாது.